கையை எடுத்ததும் சீறிய ஆட்டோ

தம்பிகளே, தங்கைகளே, மின்சார ஆட்டோ பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மீட்டரை எங்கே வைப்பது, ஒயரை எப்படிப் பற்றவைப்பது என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் ஒரு பகல்பொழுதைப் பற்றியும், அதற்கு அடுத்த நாளைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். வேலையை விட்டு வந்த பிறகும் அதை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

என் ஊர் அருப்புக்கோட்டை. நெசவுக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நான் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் நெடுங்காலம் இருந்தேன். பிறகு டவுனில் மின்சார ஆட்டோ சர்வீஸ் செய்யும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஓய்வுபெறும்வரை அங்கேதான். இது அங்கே வேலை பார்த்த காலத்தில் நடந்தது.

நடந்ததைச் சொல்லும் முன் ஒரு சின்ன விஷயத்தை நினைவுபடுத்திவிடுகிறேன். மின்சார ஆட்டோவில் வேகம் கூட்டுகிற வலது கைப்பிடிக்குள் இழுக்கிற கேபிள் கிடையாது. ஒரு லீனியர் ஹால் சென்சார் இருக்கும், அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதன் எதிரே பிறை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பிறையின் ஒரு நுனியில் ஒரு காந்தத்தின் வடமுனை சென்சாரைப் பார்த்து இருக்கும். மறு நுனியில் இன்னொரு காந்தத்தின் தென்முனை. கைப்பிடியைத் திருகினால் பிறை நகரும், அவ்வளவுதான்.

சாதாரண சுவிட்ச் வகை சென்சார் ‘காந்தம் வந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லும். லீனியர் சென்சார் அப்படியில்லை. பக்கத்தில் காந்தமே இல்லாதபோது அது நடுவில் நிற்கும். ஐந்து வோல்ட் கொடுத்தால் இரண்டரையில். தென்முனை அதன் முகத்துக்கு நேரே வந்தால் வோல்ட்டேஜ் ஏறும். வடமுனை வந்தால் இறங்கும். கைப்பிடியைச் சும்மா விட்டிருக்கும்போது வடமுனை எதிரே இருக்கும், வோல்ட்டேஜ் கீழே இருக்கும், வண்டி நிற்கும். திருகத் திருகத் தென்முனை நெருங்கும், வோல்ட்டேஜ் ஏறும், வண்டி ஓடும். அந்தப் பிறையைத் தலைமாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் யோசித்துப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன்.

அன்று எனக்கு லீவு. கூட வேலை பார்த்த ஒருவர் பரளச்சிப் பக்கம் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். காலையில் போக முடியவில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்காவது தலையைக் காட்டலாம் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். எம்.ரெட்டியபட்டி வரைக்கும் பஸ். அங்கிருந்து ஒரு மின்சார ஷேர் ஆட்டோ.

டிரைவர் பெயர் வீரபெருமாள். முப்பது வயது இருக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குச் சாமான் வாங்க வந்து போகிறவர்தான். ஆனால் பட்டுச்சேலையில் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வண்டியில் என்னோடு இரண்டு பேர். நிறைமாதமாக இருந்த காளீஸ்வரி என்ற பெண், அவளுடைய மாமியார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் பின்சீட்டில். நான் டிரைவருக்கு நேர் பின்னால், முன்பக்கம் பார்த்த சீட்டில்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி சத்தமில்லாமல் நின்றுபோனது. வீரபெருமாள் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“அஞ்சு நிமிசம் பொறுத்துக்கங்க. வெயிலுக்கு உள்ள பசை இளகியிருக்கும். முந்தியும் ஒருக்கா இப்படித்தேன் ஆச்சு” என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

நானே இறங்கிப் பார்த்திருப்பேன். அந்த நேரம் பார்த்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு வண்டி சார்ஜ் ஏறவில்லை என்று கேட்டார்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் நடந்து போய்ப் பேசினேன். பேசி முடித்துத் திரும்பியபோது வீரபெருமாள் கைப்பிடியை மூடி, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன செஞ்சீங்க தம்பி?”

“உள்ள காந்தத்துண்டு கழண்டு கெடந்துச்சுக்கா, ஒரு மூலை ஒடஞ்சும் போச்சு. ஸ்பேரு ஒண்ணு வண்டியிலயே வச்சிருந்தேன். பசையப் போட்டு ஒட்டியாச்சு. ஏறுங்க, போவோம்.”

ஏறி உட்கார்ந்துகொண்டே கேட்டேன். “வடக்கு தெற்குப் பாத்து மாட்டுனீங்களா?”

“ரோடு போற திக்குலதானக்கா நாம போகணும். இதுல வடக்கென்ன தெக்கென்ன” என்று சிரித்தபடி சாவியைத் திருப்பினார்.

ஆட்டோ எகிறியது.

எகிறியது என்று சொன்னால் உங்களுக்கு முழுசாகப் புரியாது. என் முதுகு சீட்டில் போய் மோதியது. பின்னால் மாமியார் “ஆத்தா” என்று அலறினார். பெட்ரோல் ஆட்டோ என்றால் இஞ்சின் இரையும், கியர் போட வேண்டும், நமக்குத் தெரிந்துகொள்ள ஒரு நொடி கிடைக்கும். மின்சார மோட்டாருக்கு அதெல்லாம் கிடையாது. முழு இழுப்பும் முதல் கணத்திலேயே வந்துவிடும். மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலர் நல்லதாக இருந்தால், சாவி போடும்போது கைப்பிடி வோல்ட்டேஜ் உயரத்தில் இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காது. இந்த வண்டியில் யாரோ மலிவான ஒன்றை மாற்றி வைத்திருந்தார்கள்.

வீரபெருமாள் பிரேக்கை மிதித்தார். கருகல் வாடை வந்தது. வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை. பிரேக்கை மிதித்தால் மோட்டாருக்குப் போகிற கரண்ட் தானாக அறுபட வேண்டும். அதற்கு ஒரு ஒயர் உண்டு. மேட்டில் வண்டி எடுக்கத் தொந்தரவாக இருக்கிறது என்று நிறைய டிரைவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். இவரும் கழற்றியிருந்தார்.

பிறகு அவர் செய்ததுதான் சரியான காரியம். இடது கையால் சாவியைத் திருப்பப் போனார். சாவி கையோடு உருவிக்கொண்டு வந்துவிட்டது. தேய்ந்துபோன பூட்டு. வண்டி ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. ஒரு மனிதன் தன் கையில் இருப்பதை நம்ப முடியாமல் பார்க்கிற முகம் அது.

முன்னால் ரோட்டின் பாதி அகலத்துக்குக் கம்பங்கதிர் பரப்பியிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும், நம் பக்கம் வண்டிகள் ஏறிப் போனால் கதிர் உதிரும் என்று தார் ரோட்டிலேயே போட்டுவைப்பார்கள். கதிருக்கு அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள், சிலர் உட்கார்ந்து புடைத்துக்கொண்டும், ஒருத்தி விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டும் இருந்தார்கள். வண்டி வருவதைப் பார்த்தார்கள். ஒதுங்குவார்கள் என்று நினைத்தேன். கூட்டிக்கொண்டிருந்தவள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். வா, வா, கதிர் மேலேயே ஏறி வா என்று.



அந்த நேரத்தில்தான் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வீரபெருமாள் பின்பக்கமாகச் சாய்ந்தார். சாயும்போது அவர் வலது கை கைப்பிடியைத் தன் பக்கமாகத் திருகிவிட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மோட்டாரின் இழுப்பு விட்டுப்போனது. அவர் நிமிர்ந்து கையைத் தளர்த்தினார். மறுபடி சீறியது.

எனக்குப் புரிந்துவிட்டது. பிறை தலைமாறியிருக்கிறது. கையை விட்டால் தென்முனை, முழு வேகம். முழுக்கத் திருகினால் வடமுனை, மோட்டார் ஓய்ந்துவிடும். வண்டியை நிறுத்த வேண்டுமானால் வேகம் கூட்டுகிறவரைப் போல முறுக்க வேண்டும்.

கத்தினேன். “திப்பு! திப்பு!”

தெலுங்கில் திப்பு என்றால் திருகு. பிறந்ததிலிருந்து வீட்டில் பேசிய பாஷை. உயிர் போகிற நேரத்தில் வாயில் அதுதான் வந்தது. வீரபெருமாள் வீட்டில் தமிழ் தவிர வேறு கிடையாது. அவர் காதில் அது ‘தப்பு, தப்பு’ என்று விழுந்திருக்கிறது. தான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்து, கைப்பிடியிலிருந்து கையையே எடுத்துவிட்டார்.

ஆட்டோ கம்பங்கதிர் மேல் ஏறியது.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். முன்சீட்டு மேல் குப்புற விழுந்து, அவர் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து என் பக்கமாக இழுத்து முறுக்கினேன். அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? ஓடுகிற வண்டியில் ஒரு பொம்பளை பின்னாலிருந்து வேகத்தைக் கூட்டுகிறாள். “ஏய், கிறுக்குப் பிடிச்சிருச்சா!” என்று கத்தி முழங்கையால் இடித்தார். என் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். கையை மட்டும் விடவில்லை.

மோட்டார் ஓய்ந்தது. அவர் கால் பிரேக்கின் மேலேயே இருந்ததால் வண்டி கதிரில் வழுக்கி, பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பி, நின்றது. புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சுளகைப் போட்டுவிட்டுச் சிதறியிருந்தார்கள். யார் மேலும் படவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் அங்கே இருந்த எல்லோரும் நினைத்தார்கள்.

சிதறிய பெண்கள் திரும்பி வந்தார்கள். வண்டிக்கு நேர் முன்னால் வந்து நின்றார்கள். விளக்குமாறு வைத்திருந்தவள் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று கத்தினாள். “ஏய்யா, கதிரு மேல ஏத்தச் சொன்னா ஆளு மேலயா ஏத்துவ? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

“முன்னாடி நிக்காதீக! வெலகுங்க!” என்று நான் கத்தினேன். வாயில் ரத்தம், வார்த்தை சரியாக வரவில்லை. அதைக் கேட்டு அவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒருத்தி வண்டியின் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நின்றுபோன வண்டியைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

வீரபெருமாள் நிமிர்ந்தார். நெற்றியில் சிராய்ப்பு. அவர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். என் கையைத் தள்ளினார். “விடுங்கக்கா. அதான் நின்னுருச்சுல்ல. விடுங்க.”

“விட்டா பாயும் தம்பி. விட மாட்டேன்.”

“நிக்கிற வண்டி எப்படிக்கா பாயும்?”

மில்லில் எனக்கு முதன்முதலில் வேலை காட்டிய ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினை ஆஃப் செய்ததும் வெளியே நின்றதுபோலத் தெரியும், உள்ளே உருளை சுற்றிக்கொண்டேயிருக்கும். அவர் எங்களைப் பக்கத்தில் நிறுத்தி, “இது நிக்குதா, செத்துப்போச்சா? அதச் சொல்லிட்டு அப்புறம் உள்ள கைய விடு” என்பார். தினமும் கேட்பார். எங்களுக்கு எரிச்சலாக வரும். அந்த ரோட்டில் அவர் குரல் எனக்குக் கேட்டது. இந்த வண்டி நின்றிருந்தது. சாகவில்லை. என் விரல்கள்தான் அதைப் பிடித்து வைத்திருந்தன, அவையும் வலிக்க ஆரம்பித்திருந்தன.

மெயின் சுவிட்ச் பின்சீட்டுக்கு அடியில். அந்தச் சீட்டில் காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மாமியார் ஏற்கெனவே கீழே குதித்து, “எறங்குடி, எறங்குடி” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

“என்ன செய்யணும், சொல்லுங்க” என்றாள்.

“சீட்டுக்கு அடியில மெயின் சுவிட்ச் இருக்கு. நீ எறங்கும்மா. வேற யாரையாவது...”

“நான் எறங்கி, அவுகளுக்குச் சொல்லிப் புரியவச்சு... அதுவரைக்கும் உங்க கை தாங்குமா?” கேட்டுக்கொண்டே எழுந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி சீட்டுப் பலகையைத் தூக்கப் போனாள். வண்டியில் ஏற்றியிருந்த தவிட்டு மூட்டை ஒன்று அதன் மேல் சாய்ந்திருந்தது. அதைக் காலால் நெம்பித் தள்ளிவிட்டுப் பலகையைத் தூக்கினாள்.

“தெரியுது. கறுப்பா ஒரு குச்சி. மேல தள்ளவா, கீழ தள்ளவா?”

வாய் வரை ‘கீழே’ என்று வந்துவிட்டது. சில வண்டிகளில் அதைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள் என்பது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. “இப்ப எந்தப் பக்கம் இருக்கோ, அதுக்கு எதிர்ப்பக்கம் தள்ளும்மா.”

டக் என்று ஒரு சத்தம். வீரபெருமாளின் முன்னால் இருந்த பேட்டரி விளக்குகள் எல்லாம் அணைந்தன. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன். விரல்கள் மடங்கிய மாதிரியே நின்றன. இன்னொரு கையால் பிரித்துவிட வேண்டியிருந்தது.

நடந்ததை நான் சொன்னபோது கண்ணாடியில் கை வைத்திருந்த பெண், சூடு பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள். விளக்குமாறு வைத்திருந்தவள் போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்துவந்து முதலில் காளீஸ்வரிக்குக் கொடுத்தாள், பிறகு எனக்கு. வீரபெருமாள் ரோட்டில் கதிர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். காளீஸ்வரிக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆனது. அவள் மாமியார் போன் போட்டுச் சொன்னார். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. வேறொரு வண்டி பிடித்து அவர்களை ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினோம்.

பழுதான வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். வண்டி வீரபெருமாளுடையது இல்லை, வாடகைக்கு ஓட்டினார். வண்டியின் சொந்தக்காரர் வந்து எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். எங்கள் ஆட்களும் அதையேதான் சொன்னார்கள், பிறையைத் தலைமாற்றி மாட்டிவிட்டு எங்களைக் கேட்டால் எப்படி என்று.

வீரபெருமாள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். “செவப்புப் புள்ளி கைவிட்ட பக்கம் வரணும்னு உங்க கடையிலதேன் சொன்னாக. புள்ளியப் பாத்துத்தேன் மாட்டுனேன்.”

பிறையின் வடமுனை நுனிக்கு அடையாளமாகச் செய்கிறவர்கள் வைக்கிற புள்ளி அது, கைப்பிடியைச் சும்மா விட்டிருக்கும்போது சென்சாருக்கு எதிரே வர வேண்டிய நுனி. அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வண்டியின் சொந்தக்காரர் அவரைப் போகச் சொல்லிவிட்டார். அவர் போனார்.

மறுநாள் காலையில் அந்தக் கைப்பிடியை நானே பிரித்தேன். பிரித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சிவப்புப் புள்ளி அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. கைவிட்ட பக்கம். மாட்டியதில் ஒரு குறையும் இல்லை.

ஒரு லீனியர் சென்சாரை எடுத்து ஐந்து வோல்ட் கொடுத்து, மீட்டரை மாட்டினேன். இரண்டரையில் நின்றது. பிறையின் புள்ளி வைத்த நுனியை அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன். இறங்க வேண்டிய வோல்ட்டேஜ் விறுவிறுவென்று ஏறியது. திருப்பி, மறு நுனியை வைத்தேன். இறங்கியது. புள்ளியைத் தவறான நுனியில் வைத்திருக்கிறார்கள். எங்கோ செய்த இடத்திலேயே.

எங்கள் கடை அலமாரியில் அதே பிறை ஒரு பெட்டியில் இருந்தது. கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இறங்கியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல. ஸ்குரூ டிரைவரை வைத்தால் எல்லாவற்றிலும் ஒட்டும். இரும்புக்கு வடமுனையும் ஒன்றுதான், தென்முனையும் ஒன்றுதான். எது யாருடைய உயிரை எடுக்கும் என்று அந்த மீட்டருக்கு மட்டும்தான் தெரிந்தது. பெட்டி பாதி காலி. விற்றுப்போன பாதி வெளியே ரோட்டில் இருந்தது.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மீட்டரைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இத வேற யார்ட்டயும் சொல்லிட்டீகளா?”

“இன்னும் இல்ல” என்றேன். பெட்டியை அவர் மேஜையில் வைத்துவிட்டு, சென்சார், மீட்டர், இரண்டு பிறை இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வீரபெருமாள் ஊருக்குப் பஸ் ஏறினேன். யார் யார் வாங்கிப் போனார்கள் என்று கடையில் யாருக்கும் நினைவில்லை. அவரிடம் கேட்டால் தெரியலாம் என்று தோன்றியது. அதோடு, அவருக்குச் சேர வேண்டிய ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது.

வீட்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தி மெதுவாகச் சொன்னாள். “நேத்துலருந்து சோறு எறங்கலக்கா. வலது கைய மூடிக்கிட்டே இருக்காரு. தொறங்கன்னா தொறக்க மாட்டேங்குறாரு.”

பேச்சை வளர்க்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரை வைத்தேன். ஒரு பிறையின் புள்ளியைக் காட்டினேன், எண் இறங்கியது. இன்னொன்றின் புள்ளியைக் காட்டினேன், ஏறியது. “ரெண்டுலயும் புள்ளி ஒரே எடத்துலதான் தம்பி இருக்கு. நீங்க மாட்டுனது இந்த ரெண்டாவது மாதிரி. நீங்க சரியாத்தான் மாட்டியிருக்கீங்க.”

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறையை என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துப் பார்த்தார். ஏறியது. எடுத்தார். மறுபடி வைத்தார். ஏறியது. அப்போதுதான் அவர் வலது கை திறந்திருந்ததை நான் கவனித்தேன்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். என் முதலாளியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சடாரென்று எழுந்தார்.

“அப்ப மத்தவுக வண்டி?”

சட்டையைக்கூட முழுசாக மாட்டவில்லை. போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். “ஏலே, காந்தத்துண்டு வாங்குனேல்ல? மாட்டிட்டியா? மாட்டாத. தூரப் போடு... அண்ணே, வண்டி எங்க நிக்குது? ஓடிருச்சா? அப்பச் சரி, உங்களுது நல்லது.” ஓடிய வண்டி நல்ல வண்டி. மாட்டிவிட்டு இன்னும் எடுக்காத வண்டிதான் பயம். என்னைவிட வேகமாக அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஒருவர் மட்டும் போனை எடுக்கவில்லை. திருச்சுழியில் மின்சார லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வீரபெருமாளின் கூட்டாளி பைக்கில் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் வீரபெருமாள் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

ஸ்டாண்டில் வண்டி நின்றிருந்தது. அதன் டிரைவர் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போன் வண்டிக்குள் கிடந்தது.

“மாட்டிட்டியாண்ணே?”

“காலையில மாட்டிட்டேன். ஏன்? இன்னும் எடுக்கல. டீயக் குடிச்சிட்டு எடுக்கணும்.”

வண்டி கடைகளைப் பார்த்து நின்றிருந்தது. முன்னால் ஒரு பூக்கடை, அதையடுத்துப் பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம். நாங்கள் வண்டியைத் தள்ளி, ஆளில்லாத சுவர்ப் பக்கமாகத் திருப்பினோம். ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் இரண்டையும் தரையை விட்டுத் தூக்கினோம். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். மெயின் சுவிட்ச் பக்கத்தில் வீரபெருமாளை நிறுத்திவிட்டு, சாவியை நான் பக்கவாட்டில் நின்று திருப்பினேன்.

சக்கரம் இரண்டும் ஊளையிட்டுக்கொண்டு சுற்றின. வண்டி ஜாக்கி மேல் கிடுகிடுவென்று ஆடியது. கைப்பிடியை யாரும் தொடவில்லை. ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் வெறும் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீரபெருமாள் சுவிட்சைத் தட்டினார்.

என் முதலாளி அன்று மாலைக்குள் எல்லாச் சரக்கையும் அலமாரியிலிருந்து எடுத்தார். வாங்கியவர்களைத் தேடிப்போக இரண்டு ஆட்களையும் அனுப்பினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் பிறையை மாட்டும் முன் மீட்டர் வைத்துப் பார்க்கிற பழக்கமும், சக்கரத்தைத் தூக்கிவைத்து, ஆளில்லாத வண்டிக்குத்தான் முதலில் சாவி போடுகிற பழக்கமும் அன்றைக்கு வந்தவைதான். அவசரத்தில் கத்துகிற வார்த்தை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் தெலுங்கு, கன்னடம், தமிழ் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். ‘ஆஃப்’ என்ற ஒரு சொல்லை எல்லோரும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்த ஸ்டாண்டில் சக்கரங்கள் மெல்ல ஓய்ந்தபோது லோடு ஆட்டோ டிரைவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

“எம் பொண்டாட்டிதேன் அந்தப் பூக்கடை வச்சிருக்கா. வண்டிய எடுக்குறப்ப தெனமும் முன்னால வந்து நின்னு சாமி கும்பிட்டுட்டுத்தேன் வழி விடுவா.”

பூக்கடையில் அந்தப் பெண் பூவைக் கட்டிக்கொண்டிருந்த கையோடு எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.